எட்டு மீட்டர் துக்க உறை

ஏப்ரல் 14, திங்கள்

பள்ளி உடற்பயிற்சிச் சட்டை இந்த வருஷமும் சிறுத்துவிட்டது. புதிது வாங்கப் போனோம். நெஞ்சில் குடும்பப் பெயரை நூலால் தைத்துக் கொடுக்கும் கடைக்காரர், "மகியுச்சிதானே? மாத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"இப்போதைக்கு இல்லைங்க," என்றாள் அம்மா.

இப்போதைக்கு.

போன வருஷம் "இல்லைங்க" மட்டும்தான் இருந்தது. இந்த வருஷம் ஒரு சொல் கூடியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தலையில் முடி இல்லை. பெயர் குமகாய், வயது நாற்பத்தெட்டு, ஊர் எல்லையில் திறக்கப்போகும் புது ஹோட்டலுக்கு மேனேஜர். எனக்கென்ன தெரியாதா?

எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை பெயர் மாறியிருக்கிறது. இரண்டாம் வகுப்பில், அப்பா நகோயாவுக்கு ஒரேயடியாகப் போன பிறகு. அதுவரை கிதாசவா நசுனா. பிறகு அம்மா வீட்டுப் பெயரில் மகியுச்சி நசுனா. அம்மா சட்டையிலிருந்த பழைய பெயரை ஊசியால் இழை இழையாகப் பிரித்துவிட்டு அதே இடத்தில் புதிதைத் தைத்தாள். ஊசித் துளைகள் போகவில்லை. வகுப்புப் பையன்கள் கிட்டே வந்து உற்றுப் பார்த்து இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தார்கள். எழுத்துக் கூட்டவே தெரியாதவன்கூட அன்று தங்குதடையில்லாமல் படித்தான்.

இனியும் ஒரு தடவையா? குமகாய் நசுனா.

நசுங்கின காய்.

மாட்டேன்.

ஏப்ரல் 19, சனி

குமகாய்-சான் (இனி இந்த நோட்டில் சுரைக்காய்) அம்மாவின் பட்டறைக்கு ஹோட்டல் கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் கழிவறைக்குக் கொண்டுபோனேன். நல்ல வாசிப்பு.

ஹோட்டல் கட்டியதற்குக் காரணம் மிதந்து ஓடும் புது ரயில். அந்த ரயில் வர இன்னும் பத்து வருஷமாவது ஆகுமாம். பந்திக்கு முந்து என்பார்கள். இவர்கள் அடுப்பு மூட்டும் முன்பே கை கழுவி உட்கார்ந்துவிட்டார்கள்.

அறைகளில் கட்டிலைத் தவிர ஒன்றும் கிடையாது. கைவினை எல்லாம் பொது இடங்களில்தான். டோக்கியோவிலிருந்து வரும் உள்ளலங்கார நிபுணர் தொகாஷி சார் நம் ஊர்க் கைவேலையிலிருந்து "உள்ளொளி பெற்று" ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். வரவேற்புக் கூடம் — இணைப்பு. வாசிப்பு மூலை — பிணைப்பு. பொதுக் குளியலறை — தளர்வு. துணி துவைக்கும் அறை — மறு இணைப்பு.

எல்லாவற்றுக்கும் மூலம் மிஸுஹிகி. பரிசு உறை மேல் கட்டுகிற நாண். கையேட்டின்படி "மனங்களைக் கோக்கும் இழை". அம்மாவோடு இருபது வருஷமாக அதே நாணைக் கட்டும் கினுயே அத்தை சொல்படி, "காகிதத்த முறுக்கிப் பசை தடவிக் காயப் போட்டது."

இன்று அத்தை வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினாள்.

"துவைக்கிற மெஷின்ல காலுறை ஒண்ணு காணாமப் போகும். அதுவா மறு இணைப்பு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறான் இந்த ஆளு."

அம்மா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தே வேலை செய்வதால் அம்மாவுக்கு முழங்கால் காய்த்துப் போயிருக்கிறது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மொட்டைத் தலை ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். நடுவில் முடிச்சு.

அத்தை, உன் வாயில் சர்க்கரை போட மாட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய், விடுமுறை

முடிச்சு மாதிரியைப் பார்க்கத் தொகாஷி சார் பட்டறைக்கு வந்தார். நானும் போயிருந்தேன், வேவு பார்க்க.

பத்து வருஷம் டென்மார்க்கில் இருந்தவர். கழுத்தில் துண்டு, காலில் வெள்ளைச் செருப்பு. வரவேற்புக் கூடத்துச் சுவர் முழுக்க, எட்டு மீட்டர் நீளத்துக்கு, ஒரே ஒரு மாபெரும் முடிச்சு வேண்டுமாம். சிவப்பும் பொன்னும் வேண்டாம், "கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும்". கருநீலமும் வெள்ளையும் வேண்டும். இந்த ஊரின் இரவு வானம், இந்த ஊரின் பனி. அதன் மேல் உலர்ந்த சீமைப் பனிச்சம்பழத்தின் ஆரஞ்சு நிறத்தில் மங்கலான விளக்குகள், ஏனென்றால் இந்த ஊரில் அந்தப் பழத்தையும் காயவைக்கிறார்கள்.

அம்மா மாதிரியை ஜன்னலோரம் வைத்தாள். பகல் வெளிச்சத்தில் அழகான கருநீலம். பிறகு அதைத் தொகாஷி சார் கொண்டுவந்த விளக்குக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"விளக்குல பார்த்தா… கொஞ்சம்…" என்றாள். நிறுத்தினாள்.

எங்கள் ஊரில் அது முழு வாக்கியம். "அந்தத் தேதி கொஞ்சம்…" என்றால் அந்தத் தேதி செத்துவிட்டது. "உங்க பையன் கொஞ்சம்…" என்றால் சம்பந்தம் முறிந்துவிட்டது. அம்மா தன் வாழ்நாளில் இதைவிடப் பலமாக யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. அப்பாவைத் தவிர.

தொகாஷி சார் டென்மார்க்கில் இந்தச் சொல்லைக் காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார் போல. "கொஞ்சந்தானே? பரவால்ல," என்றார்.

சுரைக்காயும் அங்கேதான் நின்றார். உள்ளூர்க்காரர். அவருக்குத் தெரியும். விளக்கைப் பார்த்தார், மாதிரியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அருமையா இருக்கு," என்றார்.

கருநீலத்தை ஆரஞ்சு வெளிச்சத்தில் வைத்தால் கறுப்பாகத் தெரியும். இது எங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த நாண் எந்த உறையில் இருக்கும்? அது புத்தகத்தில் இல்லை. சாவு வீட்டில் பணம் வைத்துக் கொடுக்கிற உறையை ஒரு தடவை பார்த்தால் போதும்.

கினுயே அத்தையையும் சேர்த்து அறையில் ஐந்து பேர். நான்கு பேருக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. நானா? நான் வேவு பார்க்க வந்தவள். வேவுகாரி எதற்கு வாயைத் திறக்கவேண்டும்?

மே 6, செவ்வாய்

அம்மா சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேசையில், என்னைப் பார்க்காமல், ஊறுகாய்க் கிண்ணத்தைப் பார்த்து.

"குமகாய்-சான் கேட்டிருக்காரு. நசுவக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன கேட்டாரு? வழியா?"

"நசு."

"கட்டிக்கிட்டா பேரு மாறுமா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான் இருக்கணும்னு சட்டம். வழக்கமா ஆம்பள பேருதான்…"

நான் யோசித்தேன். கத்தலாமா, கதவை அறையலாமா என்று. பிறகு அம்மாவின் மொழியிலேயே சொன்னேன்.

"கொஞ்சம்…"

அம்மாவுக்குப் புரிந்தது. ஊறுகாயை மூடி வைத்தாள்.

மே 7, புதன்

முட்டை கருகியிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மே 18, ஞாயிறு

சுரைக்காய் சாப்பிட வந்தார். நான் "கொஞ்சம்" சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கும். இருந்தும் எனக்குப் பிடித்த புட்டிங் வாங்கி வந்தார். என்னிடம் "நீங்க" போட்டுப் பேசுகிறார். பதினாறு வயசுக்காரியை. "நசுனா-சான், நீங்க தேர்வெல்லாம் எப்படிப் பண்றீங்க?" தலைமையாசிரியர்கூட என்னை இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

க்ரீம் பன்னிலிருந்து க்ரீமை எடுத்துவிட்டு மூக்கைப் பிளக்கும் வசாபி விழுதை நிரப்பிக் கொடுத்தேன். முழுசாகத் தின்றார். தலை மட்டும் நெற்றியிலிருந்து பிடரிவரை சிவந்தது, சூரியோதயம் மாதிரி. "ருசியா இருக்கு," என்றார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

முதலாவது மரியாதை. இரண்டாவது எதற்கு? இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மனிதர் எதற்குத்தான் இல்லை என்று சொல்வார்? நாளைக்கு யாராவது அம்மாவின் தலையில் கல்லைப் போட்டாலும் "அருமையான கல்லு" என்பார்.

மே 27

மழை. கணிதத்தில் முப்பத்தொன்று. மூன்றையும் ஒன்றையும் கூட்டினால் நான்கு. கூட்டல் நன்றாக வருகிறது எனக்கு.

ஜூன் 14, சனி

சுவரில் முடிச்சை ஏற்றினார்கள். அம்மாவும் அத்தையும் ஆறு வாரம் கட்டியது. ஒவ்வொரு நாணையும் விரலால் நீவி நீவி வளைத்ததில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது, கைப்பேசி அவளை அடையாளம் கண்டுகொள்ள மறுக்கிறது.

நானும் போனேன். பகலில் பார்க்கும்போது — சரி, எழுதித்தான் ஆகவேண்டும் — மூச்சு நின்றுவிட்டது. நதி போல ஐந்து ஐந்து இழையாக ஓடி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இரு பக்கமும் இழுத்தால் இன்னும் இறுகுகிற முடிச்சு. பிறந்தநாளுக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுகிற அவிழ்க்கக்கூடிய வண்ணத்துப்பூச்சி முடிச்சு இல்லை. இது ஒரு தடவைக்கு மேல் நடக்கக்கூடாத காரியங்களுக்கு மட்டும். அப்படிப்பட்ட காரியம் இரண்டுதான்: கல்யாணம், சாவு. இரண்டுக்கும் ஒரே முடிச்சு. எது எது என்று நிறம்தான் சொல்லவேண்டும்.

விளக்கைப் போட்டார்கள். நிறம் சொல்லிவிட்டது.

எட்டு மீட்டர் துக்க உறை. கீழே பூச்சாடி வேறு.

மின்பணியாளர் தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"வெள்ளையும் அந்த வெளிச்சத்துல மஞ்சளாத் தெரியுது பாரு," என்று அத்தை என் காதில் சொன்னாள். "ஒசாகாப் பக்கம் மஞ்சளும் வெள்ளையும்தான் துக்கத்துக்கு. எந்தத் திசையிலேர்ந்து வந்தாலும் அழுதுட்டே உள்ள வரலாம்."

"யாராச்சும் சொல்லுங்களேன் அத்தை."

"நீ சொல்லேன். முடிச்சவுக்கி."

சுரைக்காய் கை கட்டி நின்றார். "கம்பீரமா இருக்கு," என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஜூன் 28, சனி

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. எழுதிவிட்டுத்தான் தூங்கவேண்டும்.

திறப்பதற்கு முன்பு ஊர்ப் பெரியவர்களை மட்டும் ஒரு மாலை அழைத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் ஓனோதேரா அம்மையாரும் வந்திருந்தார். எனக்குச் செருப்பு எடுத்து வைக்கிற வேலை. வாசலில் விருந்தினர் பெயரெழுதும் பெரிய நோட்டு, பக்கத்தில் தூரிகைப் பேனா.

அந்தப் பேனாவை எடுத்துவிட்டு வெளிர் மைப் பேனாவை வைத்தேன். சாவு வீட்டு உறையில் பெயர் எழுத மட்டும் விற்கிறார்களே, அது. கண்ணீர் விழுந்து மை கரைந்ததாகப் பாவனை. சாம்பல் நிறம்.

முதலில் எழுதியவர் விளக்குக்கடைத் தாத்தா. எழுதினார், எழுத்தைப் பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "படம் எங்கம்மா வச்சிருக்காங்க?" என்றார்.

"உள்ள இன்னும் மாட்டலைங்க தாத்தா."

"சின்ன வயசா?"

"இன்னும் திறக்கவேயில்லைங்க."

"அடப்பாவமே."

அதற்குப் பிறகு வந்தவர்கள் முன்னவர் எழுதியதைப் பார்த்தார்கள், தாங்களும் அடக்கமாக எழுதினார்கள். ஒருத்தராவது வேறு பேனா கேட்க வேண்டுமே. நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு சாம்பல் பெயர். கூடத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. பழச்சாற்றைக்கூடச் சோகமாகக் குடித்தார்கள்.

குளியலறைப் பக்கம் அடுத்த கூத்து. தொகாஷி சார் திரைச்சீலையில் ஆண், பெண் என்று எழுத விடவில்லை. ஒன்றில் பைன்மர முடிச்சு, மற்றதில் பிளம்பூ முடிச்சு. எது யாருக்கு என்பது விருந்தினரின் உள்ளுணர்வுக்கு. எல்லோருக்கும் முன்பே வந்து உள்ளே சுற்றிய துணை மேயரின் உள்ளுணர்வு பிளம்பூ பக்கம் போனது. சுரைக்காய் ஓடிப்போய் நடுவில் நின்று, "ஐயா இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம்," என்று இரண்டு மணி நேரம் கை காட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஹோட்டலில் தெளிவான ஒரே அறிவிப்புப் பலகை அவர்தான்.

கடைசியில் இயக்குநர் அம்மையார் நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மெதுவாக மூடினார்.

"எல்லாரும் மனசு கரைஞ்சு எழுதியிருக்காங்க," என்றார்.

சுரைக்காயின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மானம் போன மேனேஜருக்கு இனி எங்கே கல்யாணம்?

ஜூன் 29, ஞாயிறு

சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டறைக்குத் தொலைபேசி வந்திருக்கிறது. சாயம் சொன்னதைவிடக் கறுப்பாகிவிட்டது, கைவேலை என்றாலே இப்படித்தான் என்று தொகாஷி சார் சொல்கிறாராம். சுவரைக் கழற்றிவிட்டு மெஷினில் அச்சடித்த துணியைத் தொங்கவிடப் போகிறார்களாம். அதோடு அந்தப் பேனா — பட்டறைக்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தார்கள் என்று பேச்சு. அதாவது அம்மா.

அம்மா ரேகையில்லாத கட்டைவிரலை மற்ற விரலால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நான் யாருக்கு வைத்தேன், யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

சீ.

ஜூலை 1, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஹோட்டலுக்குப் போனேன். சுரைக்காய் துணி துவைக்கும் அறையில், "மறு இணைப்பு" பலகைக்குக் கீழே, பல்ப் மாற்றிக்கொண்டிருந்தார்.

"பேனாவ நான்தான் மாத்தி வச்சேன்," என்றேன்.

"தெரியும். நீங்க பையிலேர்ந்து எடுக்கறப்பவே பார்த்தேன்."

"அப்ப ஏன் தடுக்கல?"

"தடுக்கத்தான் வந்தேன். அதுக்குள்ள துணை மேயர் பிளம்பூ பக்கம் போயிட்டாரு."

ஏணியிலிருந்து இறங்கினார். திட்டுவார் என்று நின்றேன். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம். உங்க அம்மாவயும் வரச் சொல்லியிருக்காங்க," என்றார். அவ்வளவுதான்.

கூட்டத்திலும் "அருமையா இருக்கு" என்பாரா?

ஜூலை 2, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் கூடத்திலேயே, சுவருக்குக் கீழே. இயக்குநர் அம்மையார், தொகாஷி சார், சுரைக்காய், அம்மா, கினுயே அத்தை. நான் அழையா விருந்தாளி. கடைசி நாற்காலி.

தொகாஷி சார் மிகவும் அழகாகப் பேசினார். மரபு, தவறுகளின் அழகு, கையின் ஈரம். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. "சாயம் அடர்த்தியாயிடுச்சு. யாரயும் குத்தம் சொல்லல."

அம்மையார் அம்மாவைப் பார்த்தார். அம்மா வாய் திறந்தாள். "அது… கொஞ்சம்…"

அவ்வளவுதான் அவளால். கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு.

"மேனேஜர் என்ன சொல்றீங்க?"

சுரைக்காய் எழுந்து நின்றார். தலை நெற்றியிலிருந்து சிவக்க ஆரம்பித்தது.

"இல்லைங்க," என்றார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயம் சரிதான். ஏப்ரல்ல காட்டின மாதிரியும் இதுவும் ஒரே நிறம். விளக்குதான் தப்பு. இவங்க அன்னிக்கே சொன்னாங்க, சாருக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுது. நான் அருமையா இருக்குன்னு சொன்னேன். அது பொய். பேனாவும் என் பொறுப்பு."

கடைசி வாக்கியம் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் எழுந்துவிட்டேன்.

"பேனா நான் வச்சது. இவங்க யாருக்கும் தெரியாது."

"எதுக்காக?" என்றார் அம்மையார்.

"கல்யாணம் நடக்கக்கூடாதுன்னு."

"எந்தக் கல்யாணம்?"

தொகாஷி சார் சுவரைப் பார்த்தார், கல்யாணமா சாவா என்று அவருக்கு இப்போதுதான் சந்தேகம் வந்த மாதிரி. அம்மாவின் காது இரண்டும் சிவந்தன. சுரைக்காயின் தலை ஏற்கெனவே சிவப்பு, இனிச் சிவக்க இடமில்லை. ஒரு மேனேஜரும் கைவேலைக்காரியும் ஏழு மாதமாகப் பழகுவது தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

"ஓ," என்றார் அம்மையார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நிதானமாக, "முதல்ல விளக்கப் பார்க்கலாம்," என்றார்.

சுரைக்காய் துவைக்கும் அறையிலிருந்து ஒரு சாதாரண வெள்ளை பல்ப் கொண்டுவந்தார். நான் ஏணியைப் பிடித்தேன். பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினார்.

அந்த ஒரு பல்புக்குக் கீழே நீலம். விடியற்காலை நதி மாதிரி நீலம்.

அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"நான் ஆரம்பத்துலேர்ந்து மனசுல வச்சிருந்தது இதுதான்," என்றார் தொகாஷி சார்.

ஜூலை 3

பன்னிரண்டு பல்ப். ஆறு வாரத்து வேலையைக் காப்பாற்ற அவ்வளவுதான் தேவைப்பட்டது. சுரைக்காய் தலைமை அலுவலகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டுமாம். கறுப்பு மையில்.

எனக்குத் தண்டனை: நாற்பத்தாறு வீட்டுக்கும் இனிப்புப் பெட்டியோடு போய்த் தலைகுனிந்து வரவேண்டும். சுரைக்காயோடு.

ஜூலை 13, ஞாயிறு

முப்பத்தோராவது வீடு வரை முடிந்தது. (இந்த எண் என்னை விடமாட்டேன் என்கிறது.) கழுத்து வலி. எல்லோரும் "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கதவு மூடியதும் உள்ளே சிரிக்கிறார்கள். விளக்குக்கடைத் தாத்தா மட்டும் கோபித்துக்கொண்டார். கும்பிட்டதற்கு இல்லை. பன்னிரண்டு பல்பையும் தன் கடையில் வாங்கவில்லையாம்.

காரில் போகும்போது சுரைக்காய் கேட்டார். "நசுனா-சான், உங்களுக்கு என்னைப் பிடிக்கலயா, இல்ல இந்த ஏற்பாடு பிடிக்கலயா? ரெண்டும்னாலும் சொல்லலாம்."

வசாபியை இரண்டு தடவை தின்றவரிடம் பொய் சொல்ல வரவில்லை. சட்டையைப் பற்றிச் சொன்னேன். ஊசித் துளைகள். பையன்கள் சேர்த்துப் படித்தது. இதைப் போய் ஒரு காரணம் என்று சொல்கிறோமே என்று சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

"அப்படியா," என்றார். சிக்னல் பச்சையாகி வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஒலி எழுப்பினான்.

"ரெண்டாவது வசாபிய ஏன் தின்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"நீங்க முகத்தயே பார்த்துட்டிருந்தீங்க. பாதியில நிறுத்தினா ஏமாந்துருவீங்கன்னு தோணிச்சு."

ஆகஸ்ட் 16, சனி

அம்மா மறுபடி கேட்டாள். இந்தத் தடவை என்னைப் பார்த்து.

நான் "கொஞ்சம்" என்று சொல்லவில்லை. "ம்" என்றேன்.

"ம்-னா?"

"ம்-னா ம்-தான்."

பெயர் மாறும். மாறட்டும். நோட்டின் பின்பக்கத்தில் குமகாய் நசுனா, குமகாய் நசுனா என்று பத்து தடவை எழுதிப் பார்த்தேன். எட்டாவது தடவை கொஞ்சம் பழகினாற்போல இருந்தது. ஒன்பதாவது தடவை மறுபடி நசுங்கியது.

அக்டோபர் 5, ஞாயிறு

குளியலறைத் திரைச்சீலையில் இப்போது ஆண், பெண் என்று எழுதியிருக்கிறது, மிகச் சிறியதாக. தொகாஷி சார் அதைத் "தெளிவின் அழகு" என்று ஏதோ பத்திரிகையில் சொல்லியிருக்கிறார். கினுயே அத்தை அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஹோட்டலின் துணி துவைக்கும் அறையில் ஒட்டிவிட்டு வந்தாள். என்னை முடிச்சவுக்கி என்பாள்.

நவம்பர் 22, சனி

இன்றைய தேதியின் எண்களை, 11-22, ஜப்பானிய மொழியில் சேர்த்து வாசித்தால் "நல்ல தம்பதி" என்று வரும். நாடு முழுக்க இந்த மட்டமான சிலேடையை நம்பி இன்றுதான் கல்யாணப் பதிவுக்கு ஓடுகிறது. நாங்களும் இன்று போவதாக இருந்தது. ஆனால் பதிவு செய்துவிட்டு வந்த நல்ல தம்பதிகளெல்லாம் நீலச் சுவர் முன்னால் படம் எடுக்க ஹோட்டலுக்கு வந்துவிட்டார்கள். எல்லா அறையும் நிரம்பிவிட்டது. மேனேஜரால் நகர முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போகிறார்களாம். செவ்வாய்க்கு எந்தச் சிலேடையும் இல்லை. நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

பள்ளியிலிருந்து வரும் வழியில் சட்டைக் கடைக்குப் போய்ப் பெயர் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டு வந்தேன். நாலு நாள்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். பதிவு அலுவலகத்திலிருந்து வந்த கோலத்திலேயே, மேலங்கியைக்கூடக் கழற்றாமல்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"ம். நசு, அந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. கல்யாணத்துக்கப்புறம் எந்தப் பேருன்னு. கணவன் பேரா, மனைவி பேரான்னு."

"தெரியும். நாலு நாள் ஆகுமாம் தைக்க."

"அவரு என்னைக் கேக்கவேயில்ல. மனைவி பேருங்கறதுல டிக் போட்டுட்டாரு. அந்த ஆபீசர் ரெண்டு தடவ கேட்டாரு, தப்பாப் போட்டுட்டீங்களான்னு. இல்லைங்கன்னாரு."

நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்தேன்.

அதாவது காய் போயிற்று. ஏழு மாதம் வளர்த்த சுரைக்காய். இனி இந்த நோட்டில் அவரை எப்படி எழுதுவது? நாற்பத்தெட்டு வருஷம் சுமந்த பெயரை ஒரே டிக்கில் கழற்றி வைத்துவிட்டு, என் சிலேடையையும் கையோடு கொண்டுபோய்விட்டார். மகியுச்சி. மகியுச்சி. ஒன்பது வருஷமாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயர், இன்றுதான் காதில் விழுந்தது: கடைசியில் ஓர் உச்சி இருக்கிறது. ஒற்றை முடிகூட இல்லாத ஒருத்தருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நானேகூட வைத்திருக்க முடியாது.

ஆறு மணிக்கு வந்தார். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. தொப்பி போடாமல் நடந்தே வந்திருக்கிறார், தலையில் இரண்டு மூன்று துளி உருகி வழிந்துகொண்டிருந்தது. செருப்பு எடுத்து வைத்தேன்.

"வாங்க," என்றேன். "உச்சி குளிர்ந்திருக்குமே."

கையால் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப," என்றார்.